காதோரம் ஒரு பயிற்றுநர்

பிரிவினையின்போது, 1947இல், குவெட்டா கல்லூரியின் இந்தியப் பகுதி நீலகிரி மலையில் உள்ள வெலிங்டனுக்கு வந்து முப்படை அதிகாரிகள் கல்லூரி ஆனது. அங்கே மேஜர் நிலை அதிகாரிகளும் சிறு குழுக்களாக உட்கார்ந்து படிக்கிறார்கள். குழுவுக்குள்ளேயே பயிற்றுநரும் இருப்பார். அதே மலையில், தேயிலைத் தோட்டத்து நடுவில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கு அப்படி ஒரு துணை கிடையாது. வட்டார வள மையத்திலிருந்து பயிற்றுநர் பஸ் பிடித்து வருவார், ஒரு பாடவேளை பார்ப்பார், செயலியில் பதிவு செய்வார், நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவார்.

அந்த நாலு வார்த்தையைப் பாடம் நடக்கும்போதே சொல்ல வழி இருக்கிறது. அறையின் பின்பக்கம் பாடத்தைக் காட்டும் ஒரு செல்போன், ஆசிரியர் காதில் தொலைவிலிருக்கும் பயிற்றுநரின் குரல் கேட்கும் ஒரு புளூடூத். 2009இலேயே அமெரிக்காவில் ஆய்வாளர் மார்சியா ராக் குழுவினர் இணைய அழைப்பு வழியாக இதைச் செய்துகாட்டிவிட்டார்கள்.

தமிழ்நாடு அரசின் தொடக்கக் கல்வித் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஆசிரியை மலர் பிள்ளைகளோடு மூழ்கியிருக்கும்போது அரும்புக் குழு சும்மா இருப்பது அவர் கண்ணில் படாது. "அரும்பு பக்கம் வாங்க டீச்சர்" என்று ஒரு குரல் அந்த நொடியே கேட்டால் போதும். மதியம் சொன்னால் அந்தப் பாடவேளை போனது போனதுதான்.

ஆனால் எட்ட இருந்தே எல்லாம் முடியும் என்று நம்பிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் ம்புமலங்கா மாகாணத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் இரண்டு வழிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேரில் வந்த பயிற்றுநரால் மூன்றாண்டில் பிள்ளைகளின் பேச்சும் வாசிப்பும் முன்னேறின. டேப்லெட், தொலைபேசி வழியே மட்டும் வந்த உதவியால் பேச்சு கொஞ்சம் தேறியது, வாசிப்பு அசையவில்லை. அது காதுக்குள் உடனுக்குடன் பேசும் முறை அல்ல என்றாலும், அந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளையையும், ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவரின் பிள்ளையையும் நேரில் பார்த்துப் பழகாதவர், அவர்களுடைய மௌனத்தைக் கவனக்குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம். கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் பதிவு செய்யும் வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர்கள் போராடிய மாநிலம் இது. காதில் பேசுகிறவரே மதிப்பெண்ணும் போட்டால் அது உதவி இல்லை, கண்காணிப்பு. விரும்பி முன்வருகிற ஆசிரியர்களோடு குன்னூர் வட்டாரத்தில் தொடங்கலாம். பயிற்றுநர் முதலில் சில வாரம் அதே வகுப்பில் வந்து உட்காரட்டும். பிறகு போனில் பேசட்டும். போனில் பதிவாகும் பாடக் காட்சி அந்த ஆசிரியரிடமே இருக்க வேண்டும், எந்த அலுவலகத்துக்கும் போகக் கூடாது.