ஒரு கம்பிக்கு இரு பெயர்

மின்சுற்றுப் படம் வரைவார்க்கு இந்நாளில் உற்ற துணை கணினியேயாம். பிரான்சு நாட்டவரான ழான்-பியர் ஷராஸ் என்பார் 1992 ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கிய ‘கீகேட்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைத்தலின், மாணாக்கரும் சிறு பட்டறை நடத்துவோரும் அதனை விரும்பிக் கையாளுகின்றனர். அதில் அடிக்கடி எழும் ஒரு தொல்லையைப் பற்றி ஈண்டுச் சில கூறுவாம். படத்தை வரைந்து மின்விதிச் சோதனையை நடத்தியதும், பெயர் பற்றிய எச்சரிக்கைகள் நிரைநிரையாக வந்து நிற்கும். அவற்றுட் பல பயனற்றவை. ஆயினும் அவற்றை ஒருங்கே வாயடைத்தல் தகாது என்பதே எம் கருத்து.

கம்பியால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட முனைகள் யாவும் சேர்ந்து ஓர் இணைப்பு ஆகும். தொழில் வழக்கில் அதனை ‘நெட்’ என்பர். வீட்டுப்பெயர் ஒன்றும் பதிவுப்பெயர் ஒன்றுமாக ஒருவர்க்கு இரு பெயர் இருத்தல் நமக்குப் புதிதன்று. கணினியோ ஓர் இணைப்புக்கு ஒரு பெயரையே கொள்ளும். ஒரு கம்பியில் இரு பெயர்ச்சீட்டுகளைக் கண்டால், அவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்து இணைப்புப் பட்டியலிற் சேர்த்து, மற்றதைத் தள்ளிவிட்டதாக எச்சரிக்கும்.

இவ்வாறு நேர்வது எங்ஙனம்? நுண்கணினிச் சில்லு ஒன்று தரவை அனுப்புங் காலை ‘டி.எக்ஸ்.’ என்பர். எதிர்முனையில் அதனை ஏற்குங் கால் ‘ஆர்.எக்ஸ்.’ எனப்படும். வரைவோர் இரு முனைகளிலும் அவ்வப் பெயரையே இட்டுவிடுவர். சுற்றில் யாதொரு குற்றமும் இல்லை. எச்சரிக்கை மாத்திரம் எழும். இதற்குப் பரிகாரம் எளிது. தரவு எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பது தோன்ற ஒரு பெயரை மட்டும் பெயர்ச்சீட்டாக இட்டு, மற்றதை வெறும் எழுத்தாக அருகில் வரைக. வெறும் எழுத்தை மென்பொருள் இணைப்பின் பெயராகக் கொள்ளாது.

இனி, ‘5 வோல்ற்’ மின்குறியும் ‘3.3 வோல்ற்’ மின்குறியும் கைதவறி ஒரு கம்பியால் இணைந்துவிட்டன எனக் கொள்வோம். அப்பொழுதும் இதே வகை எச்சரிக்கையே, இதே சொற்களில், எழும். மேற்கூறிய சிறு தொல்லைக்காக அவ்வகை முழுவதையும் ‘புறக்கணிக்க’ என அமைத்து வைத்தவர் இதனைக் காணார். மின்வழங்கும் வெளியீடுகள் இரண்டு மோதினால் வேறொரு பிழை தோன்றுதல் உண்டு. ஆனால் மின்சாரம் சாதாரண இணைப்பி வழியே வருமாயின் அதுவும் தோன்றாமற் போகலாம். பின்னர் நடக்கும் பலகைச் சோதனை காப்பாற்றுமோ எனின், காப்பாற்றாது. அது சுற்றுப்படத்தை மெய்யென நம்பி, இரண்டையும் ஒரே இணைப்பாகவே கருதும். 3.3 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்ட சில்லுகள் பல 4 வோல்ற்றுக்கு மேல் தாங்கமாட்டா. பலகையும் அடித்து, உறுப்புகளையும் பற்றவைத்து, மின்னூட்டிய பின்னரே குற்றம் புகையாக வெளிப்படும்.

நிலக்கம்பியின் வழக்கு இவ்விரண்டிற்கும் வேறானது. ஒலிபெருக்கி முதலியவற்றில் ஒப்புமை நிலத்தையும் எண்ணியல் நிலத்தையும் வேறாகப் பேணி, ஓரிடத்தில் மாத்திரம் சேர்ப்பதுண்டு. அவ்விரு குறிகளையும் கம்பியால் நேரே தொடுத்தால், ஒன்று மற்றொன்றில் மறைந்து, பலகையில் அவை சேரவேண்டிய இடம் எதுவென்ற செய்தியே அழிந்துபோம். இங்கு எச்சரிக்கை நியாயமானதே. இரு பெயரையும் காத்து, ஒரு சிறு செப்புத்துண்டால் இணைக்கும் ‘நெட்-டை’ என்னும் உறுப்பு அம்மென்பொருளிலேயே உண்டு. அதனை இடையில் வைத்தல் வேண்டும்.

இவ்வளவின் பின்னும் எஞ்சுவனவற்றைத் தனித்தனியே நோக்கி, குற்றமற்றதெனத் தெளிந்த அந்த ஒன்றை மட்டும் விலக்குக. அண்மைப் பதிப்புகளில் விலக்கிய காரணத்தையும் எழுதிவைக்கலாம். ஆறு மாதத்தின் பின் படத்தைத் திறப்பவர்க்கு, அவர் வரைந்தவரேயாயினும், அக்குறிப்பு பேருதவியாகும்.

ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து வேற்றுமையால் எழும் எச்சரிக்கையை மட்டும் ஒருபோதும் விலக்கற்க. ஒரு முனையில் ‘ரீசெற்’ என்பதைப் பேரெழுத்திலும் மறுமுனையில் சிற்றெழுத்திலும் எழுதினால், நாம் ஒன்றெனப் படிப்பதைக் கணினி இரண்டெனக் கொள்ளும். படத்தில் யாவும் செவ்வனே தோன்றும். பலகையிலோ அவ்விரு கால்களுக்கும் இடையே செப்புக்கோடே இராது.