உப்புக் கரைந்தால் கடலாகுமா?

வீட்டுத் தொட்டியில் முருகைக்கல் வளர்க்க விரும்புவோர் கவனத்துக்கு

சுவிற்சர்லாந்தின் சிறு நகரமொன்றில் வாழும் எமது நண்பர் ஒருவரின் வீட்டில் 200 லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உணவகமொன்றின் சமையலறையில் நெடுங்காலமாகப் பணிபுரியும் அவர், பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற தம் மகளுக்குப் பரிசாக அதனை வாங்கிக் கொடுத்தார். மகள் கேட்டது தங்கமீன் அன்று, முருகைக்கல். பாடசாலையிலிருந்து அழைத்துச் சென்ற காட்சிச்சாலையொன்றில் உயிருள்ள முருகைகளைக் கண்டுவிட்டு வந்த பிள்ளை, “அப்பா, இது உங்கட ஊர்க் கடலுக்குள்ளையும் இருக்காமே?” என்று கேட்டிருக்கிறாள். நெடுந்தீவில் பிறந்த தந்தைக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளுக்கிடையே ஓடி விளையாடியவர், அந்தக் கல்லை உயிரோடு வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

தொட்டியும் விளக்கும் நீரோட்டப் பம்பியும் வாங்கியதோடு கையிலிருந்த பணம் முடிந்தது. கடைக்காரர் இறுதியாகக் காட்டியது செயற்கைக் கடலுப்பு நிறைந்த ஒரு வாளி. அதன் விலையைக் கண்ட நண்பர் திரும்பி வந்துவிட்டார். “மாஸ்ரர், ஆனையிறவு உப்புத் திண்டு வளர்ந்தனான் நான். எனக்கே உப்பை வாளியிலை போட்டு விக்கப் பாக்கினம்” என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். பல்பொருள் அங்காடியில் சமையலுக்கென விற்கும் கடலுப்பில் ஏழு கிலோ வாங்கிக் கரைத்தார். பல்கலைக்கழகத்தில் பாடஞ் சொன்ன நாமும், ‘கடலுப்பு கடலுப்புத்தானே’ என்று தலையாட்டினோம் என்பதை ஈண்டு வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

தொட்டியைச் சில கிழமைகள் வெறுமனே ஓடவிட்டார்கள். மிதக்கும் அடர்த்திமானி கடல்நீருக்குரிய கோட்டிலேயே நின்றது. பின்னர் இரண்டு மென்முருகைகளும் ஆறு நத்தைகளும் உள்ளே சென்றன. அடுத்த நாளே நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கீழே விழுந்தன. முருகைகள் விரியவேயில்லை. நான்காம் நாள் பிள்ளை எம்மை அழைத்து, “மாமா, தண்ணியிலை என்ன பிழை?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்கு வாசகர் முன் வைக்கிறோம்.

கடலில் இருப்பது என்ன?

1872 ஆம் ஆண்டு முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘சலஞ்சர்’ என்ற பிரித்தானிய ஆய்வுக் கப்பல், பல கடல்களிலிருந்தும் நீர் மாதிரிகளைக் கொண்டுவந்தது. அவற்றுள் 77 மாதிரிகளை வில்லியம் டிற்மர் என்னும் இரசாயனவியலாளர் பகுத்தாய்ந்து, முடிவுகளை 1884 இல் வெளியிட்டார். ஓரிடத்தில் உப்பு கூடலாம், இன்னோரிடத்தில் குறையலாம். ஆயின் அவ்வுப்பினுள் அடங்கிய முக்கிய பொருள்களுக்கிடையிலான விகிதம் திறந்த கடலெங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பது அவ்வாய்வினால் உறுதியாயிற்று. வாளியில் கடலை அடைத்து விற்கும் தொழில் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. விகிதம் மாறாதது என்பதனாலேயே அதனைச் செய்முறையாக எழுதிவைக்க முடிகிறது.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் குளோரைட்டு 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம். இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் சோற்றில் போடும் உப்பு. எஞ்சியவற்றில் சல்பேற்று 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கல்சியம் 0.4 கிராம், பொற்றாசியம் 0.4 கிராம்; இருகாபனேற்று அதனினும் குறைவு. அதாவது கடலுப்பில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு சமையலுப்பு. மிகுதி பதினான்கு பங்கு வேறு.

அந்தப் பதினான்கு பங்கில்தான் முருகையின் உயிர் இருக்கிறது. கல்முருகை தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு. கல்சியமும் காபனேற்றும் நீரிலேயே ஒன்றுசேர்ந்து வெண்பொடியாகப் படிந்துவிடாமல் தடுத்து நிற்பது மக்னீசியம். எலும்புக்கூடற்ற மென்முருகைக்கும் நத்தைக்கும்கூட இந்த அயன்கள் இன்றியமையாதவை.

உப்பளம் விட்டுவிடுவது

அங்காடியில் வாங்கியதும் கடலிலிருந்து வந்த உப்புத்தானே, அந்தப் பதினான்கு பங்கு எங்கே போயிற்று என்று வாசகர் கேட்கலாம். விடை உப்பளத்தில் இருக்கிறது.

பாத்திக்குள் விட்ட கடல்நீர் வெயிலில் வற்ற, சமையலுப்புக்கு முன்னரே பிரிந்து அடியில் படிவது பெரும்பாலும் கல்சியம் சல்பேற்று. நீர் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருங்கும்போது சமையலுப்பு விளைகிறது. அதனை வாரியெடுத்த பின் எஞ்சும் கசப்பு நீரில்தான் மக்னீசியமும் பொற்றாசியமும் பெரும்பாலும் தங்கியிருக்கின்றன. அந்நீர் கலந்தால் உப்பு கசக்கும், ஈரம் பிடிக்கும். ஆதலால் அதனை வடித்து அகற்றுவர். நல்ல உப்பளம் என்பது கடலிலிருந்து சமையலுப்பை மட்டும் தனியே பிரித்தெடுக்கத் தெரிந்த இடம். ஆனையிறவு உப்பு நல்ல உப்பு என்று பெயர் பெற்றதும் அதனால்தான். உணவுக்கு எது நல்லதோ அது முருகைக்கு நஞ்சாயிற்று.

அடர்த்திமானி ஏன் சரியாகக் காட்டியது என்பதும் இப்போது விளங்கும். நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதையே அது சொல்லும். எது கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது.

வாளியில் எழுதியிருப்பதை வாசித்தல்

ஆகவே செயற்கைக் கடலுப்புத்தான் வாங்க வேண்டும். எதனை வாங்குவது? கடைத்தட்டுகளில் யேர்மனியின் ‘ட்ரொபிக் மரின்’, அமெரிக்காவின் ‘இன்ஸ்ரன்ற் ஓஷன்’, இஸ்ரேலின் ‘ரெட் சீ’ எனப் பல பெயர்கள். ஒவ்வொன்றிலும் பல வகைகள். பெயரைப் பார்த்து மயங்காது மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். 35 என்ற உப்புச்செறிவில் கல்சியம் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம், மக்னீசியம் எத்தனை, காரத்தன்மை எத்தனை யேர்மன் பாகை என்பனவே அவை. இயற்கைக் கடலில் கல்சியம் ஏறத்தாழ 420, மக்னீசியம் ஏறத்தாழ 1300, காரத்தன்மை 7 பாகையை அண்டியது. காரத்தன்மை என்பது முருகை கூடு கட்டுவதற்கு நீரில் கிடைக்கும் காபனேற்று, இருகாபனேற்று ஆகியவற்றின் அளவு என்று இங்கு கொள்ளலாம்.

உப்புகள் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுவது மூன்றாவது எண்ணில்தான். ரெட் சீ நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் நீல வாளி உப்பு 8 பாகையளவு தரும் என்று உற்பத்தியாளர் குறிக்கிறார். அதே நிறுவனத்தின் கறுப்பு வாளி 12 பாகையளவு. இரண்டும் நல்லவையே. ஆயின் இரண்டும் ஒரே தொட்டிக்குரியவை அல்ல.

‘கூடிய எண் கூடிய சத்து’ என்று எண்ணி 12 பாகை வாளியை வாங்குவோர் பலர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் காரத்தன்மை 7 பாகை என்க. 200 லீற்றரில் 20 லீற்றரை எடுத்துவிட்டு 12 பாகை நீரை விட்டால் தொட்டி அரைப் பாகை மட்டுமே உயரும். அதனை முருகைகள் தாங்கும். ஒரே நாளில் பாதி நீரை மாற்றினாலோ இரண்டரைப் பாகை உயரும். கல்முருகைகள் திடீர் மாற்றத்தைப் பொறுப்பதில்லை. சத்துக் குறைந்த தெளிந்த நீரில் காரத்தன்மை மிகுந்தால் கிளைமுருகைகளின் நுனி வெளுத்துக் கருகுவதை அனுபவசாலிகள் பலர் கண்டிருக்கின்றனர்.

மறுபுறம், கல்முருகை நிறைந்த தொட்டியொன்று நாளொன்றுக்கு அரைப் பாகை உண்ணுமாயின் கிழமைக்கு மூன்றரைப் பாகை குறையும். கிழமை தோறும் பத்திலொரு பங்கு நீர் மாற்றுவதால் வருவது அரைப் பாகையளவே. அந்தக் குறையை எந்த வாளியாலும் ஈடுசெய்ய முடியாது. தெளிந்த சுண்ணாம்பு நீரையோ, கல்சியக் கரைசலையும் காபனேற்றுக் கரைசலையும் தனித்தனியாகவோ நாள்தோறும் விட வேண்டும். உப்பு அத்திவாரம் மட்டுமே.

எனவே எமது முடிவு இது. தொடக்கக்காரரும் மென்முருகை வளர்ப்போரும் இயற்கைக் கடலுக்கு அண்மையான, 7 முதல் 8 பாகை வரையிலான உப்பையே தெரிவு செய்க. தொட்டியின் அளவுக்கு நெருங்கிய உப்பே அந்தத் தொட்டிக்கு நல்ல உப்பு. ஒருமுறை தெரிந்தபின் மாதத்துக்கொரு பெயராக மாறாதிருப்பது, ஐந்து பெயர்களில் எது சிறந்தது என்று வாதாடுவதைவிடப் பயன் தரும். அருகிலுள்ள கடையில் எப்போதும் கிடைக்கும் உப்பாகவும் அது இருத்தல் வேண்டும்.

விலையை எப்படிக் கணிப்பது?

வாளியின் விலையைக் கிலோவால் வகுப்பது தவறு. உப்புக்கு உப்பு உள்ளடங்கிய ஈரம் வேறுபடும். லீற்றருக்கு எத்தனை கிராம் போட்டால் 35 செறிவு வருகிறது என்பதை அறிந்து, ஒரு லீற்றர் கடல்நீருக்கு என்ன விலை என்றே கணிக்க வேண்டும். பெரும்பாலும் லீற்றருக்கு 36 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். 38 கிராம் என வைத்தால் 25 கிலோ வாளி ஏறத்தாழ 650 லீற்றர் தரும். கிழமைக்கு 20 லீற்றர் மாற்றும் 200 லீற்றர்த் தொட்டிக்கு அது ஏழெட்டு மாதங்களுக்குப் போதும். அவ்வாறு கணித்தபோது, வாளியின் விலை தாம் எண்ணிய அளவுக்குப் பெரிதல்ல என்பதை எமது நண்பரும் ஏற்றுக்கொண்டார்.

வாளியைத் திறந்தால் உடனே இறுக மூட வேண்டும். ஈரம் புகுந்த உப்புக் கட்டிபடும். அதன் கல்சியமும் காபனேற்றும் கரையுமுன்னரே ஒன்றுசேர்ந்து வீணாகிவிடும். வழியில் குலுங்கி வருகையில் நொய்ந்த மணிகள் அடியில் தங்குவதால், முதன்முறை திறக்குமுன் வாளியைப் படுக்கவைத்து உருட்டுவது நன்று.

நீரும் உப்பும்

எந்த உப்பும் தூய நீரை எண்ணியே ஆக்கப்படுகிறது. குழாய்நீர் குடிக்க நல்லதாயினும் அதில் கல்சியம், நைத்திரேற்று, சிலிக்கேற்று என்பன கலந்திருக்கும். பழைய மாடிவீடுகளின் குழாய்களிலிருந்து செம்பும் கரைந்து வரலாம். செம்பு சிறிதளவாயினும் முருகைக்கும் நத்தைக்கும் கொடிது. எனவே கடைகளில் ‘ஓஸ்மோஸ் நீர்’ எனப்படும் வடித்த நீரையே பயன்படுத்துக.

முதலில் நீர், பின்னர் உப்பு. நீரைப் பம்பியால் சுழலவிட்டு உப்பைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டி அதன்மேல் நீரை ஊற்றினால் செறிவு மிகுந்து நீர் பாலாக வெளுக்கும். வெளுப்பது வீணாய்ப்போன கல்சியம். எத்தனை மணி நேரம் கலக்குவது என்பதில் உற்பத்தியாளர் கூற்றையே பின்பற்றுக. சில உப்புகள் ஒருநாள் சுழன்றாலும் கெடா. சிலவற்றைச் சில மணி நேரத்துக்குள் தொட்டியில் விட்டுவிட வேண்டும். செறிவை ஒளிமுறிவுமானியால் அளப்போர், அதனை வெறும் நீரால் மட்டுமன்றி 35 செறிவுள்ள அளவைக் கரைசலாலும் சரிபார்த்தல் வேண்டும்.

ஒரு துண்டு முருகைக்காக இவ்வளவு பாடா என்று சிலர் எண்ணலாம். 1998 ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் சூடேறியபோது இலங்கையைச் சுற்றிய ஆழங்குறைந்த முருகைக்கற்பாறைகள் பெருமளவில் வெளிறி இறந்தன. அதன் பின்னரும் கடல் குளிரவில்லை. உலகளாவிய நான்காவது பெருவெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இந்நிலையில் வளர்ப்பாளர் தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கிய துண்டுகளை வாங்குவதும், வாங்கியதைச் சாகவிடாது காப்பதும் எம்மீதுள்ள கடமையாகும். ஊருக்குச் சென்று திரும்புவோர் கடற்கரையில் கிடந்த முருகைக்கல்லைப் பெட்டிக்குள் வைத்து வருவதையும் தவிர்க்க வேண்டும். கல்முருகைகளின் பன்னாட்டு வணிகமும் போக்குவரத்தும் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டவை. அனுமதிப் பத்திரமின்றிக் கொண்டுவந்தால் சுங்கத்தில் சிக்கல் வரலாம்.

எமது நண்பர் அந்த ஏழு கிலோ உப்புநீரைக் கீழே ஊற்றிவிட்டு, முதற்சம்பளத்தில் வாளியொன்று வாங்கினார். இரண்டாம் முறை வைத்த மென்முருகை மூன்றாம் நாள் விரிந்தது. இப்பொழுது பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் நீரை அளந்து, கல்சியம், மக்னீசியம், காரத்தன்மை என மூன்று நிரல்களில் பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் எழுதிவருகிறாள். அதன் முதற்பக்கத்தில் எண் எதுவும் இல்லை. இறந்துபோன இரண்டு முருகைகளினதும் ஆறு நத்தைகளினதும் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். எழுத்துப் பிழைகளைத் தந்தையும் திருத்தவில்லை, நாமும் திருத்தவில்லை.