செயற்பாட்டு விரியலாக்கியும் அதன் துணைவரும்

நம் மாணவர் உயர்தரப் பௌதிகவியலிற் செயற்பாட்டு விரியலாக்கியைக் கற்கின்றனர். ஒப்-அம்ப் எனச் சுருங்க வழங்குவதும் இதுவே. பெய்ப்பு, பயப்பு, பெருக்கம் யாவற்றையும் பிழையறக் கணிக்கின்றனர். ஆயின், அதன் பயப்பில் ஓர் ஒலிபெருக்கியை நேரே தொடுத்தால் ஈயின் இரைச்சலன்றி வேறு கேளாதது ஏன் என வினவின் விடை கூறுவார் சிலரே. பாடநூலிலுள்ளது இலட்சியக் கருவி. மேசைமேல் இருப்பது அதுவன்று.

1968 இல் வெளிவந்த 741 என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 25 மில்லியம்பியருக்கு மேல் ஓட்டம் தராது. எட்டு ஓம் ஒலிபெருக்கியில் அவ்வோட்டம் உண்டாக்கும் உவோற்றளவு 0.2 மாத்திரமே; வலுவோ உச்சத்திலும் 5 மில்லிவாற்று. 15 உவோற்று மின்கலவடுக்கை இணைத்தும் பயனில்லை.

ஆகவே துணைக்கு இரு திரான்சிற்றர்களை அமர்த்துகின்றோம். என்.பி.என். வகை நேர்ப்பாதியையும், பி.என்.பி. வகை மறைப்பாதியையும் சுமக்கும். இரண்டின் அடிகளும் விரியலாக்கியின் பயப்பிற் கூடும். காலிகள் ஒலிபெருக்கியிற் கூடும். அடிக்கு 10 மில்லியம்பியர் ஈந்தால், நூறு மடங்கு பெருக்கும் திரான்சிற்றர் ஏறத்தாழ 1 அம்பியர் தரும்.

ஆனால் அடிக்கும் காலிக்கும் இடையே 0.6 உவோற்று இன்றேல் சிலிக்கன் திரான்சிற்றர் விழிப்பதில்லை. எனவே நேரிலிருந்து மறைக்குச் சைகை மாறுகையில், 1.2 உவோற்று அகலமான இடைவெளியில் இருவரும் உறங்குவர், இசை கரகரக்கும். பின்னூட்டற் கம்பியை எங்கிருந்து எடுக்கின்றோம் என்பதே இங்கு முக்கியம். விரியலாக்கியின் பயப்பிலிருந்து எடுத்தால் இக்குறை அதற்குத் தெரியவே தெரியாது. காலிகள் கூடுமிடத்திலிருந்து எடுத்தாலோ, ஒலிபெருக்கி உண்மையிற் பெறுவதை அது காணும். குறை கண்டதும் 1.2 உவோற்றைத் தாவி ஈடுசெய்யும். ஒரு கம்பியை இடம் மாற்றுவதற்குச் செலவு யாது?

தாவுவதற்கும் நேரம் வேண்டும். 741 ஒரு மைக்கிரோசெக்கனில் அரை உவோற்றே நகரும், தாவ 2.4 மைக்கிரோசெக்கன் ஆகும். செக்கனுக்கு 1,000 அதிர்வாயின் அது பொருட்டன்று. 20,000 அதிர்வாயின், ஓர் அதிர்வின் 50 மைக்கிரோசெக்கனில் இரு தாவலுக்கே பத்திலொரு பங்கு போய்விடும். அடிகளுக்கிடையே இரு இருவாயிகளை வைத்துத் திரான்சிற்றர்களை அரைவிழிப்பில் நிறுத்துவது இதனாலேயே.

இதனினும் மிக்க வேகத்திற்கு வலுவைக் கூட்டுவது வழியன்று, குறைப்பதே வழி. 1994 இல் அறிமுகமான தாழ் உவோற்றளவு வேறுபாட்டுச் சைகைமுறையில், 3.5 மில்லியம்பியர் ஓட்டம் 100 ஓம் தடையூடாகத் திசைமாறி ஓடி 0.35 உவோற்றையே தருகின்றது. அசைவு சிறிதாதலால் ஏறத்தாழ ஒரு நனோசெக்கனில் முடிகின்றது. 741 ஆயின் அதற்கு 0.7 மைக்கிரோசெக்கன் எடுக்கும். இத்துணைச் சிறிய சைகையை இரைச்சல் விழுங்காதோ எனின், விழுங்காது. இரு கம்பிகளும் எதிரெதிர்ச் சைகைகளைச் சுமக்கின்றன. வெளியிரைச்சல் இரண்டிலும் ஒருங்கே ஏறுகின்றது. வாங்கும் முனை ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க, இரைச்சல் நீங்கிச் சைகை எஞ்சுகின்றது. 741 இன் இரு பெய்ப்புகளும் செய்வது இக்கழித்தலையே. இரு கம்பிகளும் ஒரே அளவு இரைச்சலை ஏற்கவேண்டி அவற்றை ஒன்றோடொன்று முறுக்குவர். தொலைபேசிக் கம்பிகளை அவ்வாறு முறுக்கும் முறைக்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.