புயல் சொல்லும் ‘பாகாசா’... பெயருக்குள்ளே நம்ம ‘ஆசை’! பிலிப்பினோ மொழிக்கும் சமஸ்கிருதத்துக்கும் என்ன தொடர்பு?

பிலிப்பைன்ஸைச் சூறாவளி தாக்கும் ஒவ்வொரு முறையும் செய்திகளில் அடிபடும் பெயர் ‘பாகாசா’. நம்மூர் வானிலை ஆய்வு மையம் மாதிரி, அந்த நாட்டின் அரசு வானிலை அமைப்பு அது. நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கம்தான். ஆனால், அப்படிச் சேரும்போது கிடைக்கும் ‘பாக்-ஆசா’ என்ற சொல்லுக்கு பிலிப்பினோ மொழியில் ‘நம்பிக்கை’ என்று அர்த்தம். அதில் இருக்கும் ‘ஆசா’ சமஸ்கிருதச் சொல். நாம் ‘ஆசை’ என்கிறோமே, அதேதான்.

தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் வசம் இருந்தும், சீனா தன்னுடையது என்று உரிமை கோரும் ஒரு தீவின் பெயரும் ‘பாக்-ஆசா’தான்.

சரி, அப்போ பிலிப்பினோவும் சமஸ்கிருதமும் சொந்தக்கார மொழிகளா?

இல்லவே இல்லை. சமஸ்கிருதம் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிலிப்பினோவுக்கு அடிப்படை, மணிலா பகுதியில் பேசப்படும் தகாலோக் மொழி. அது மலாய், ஜாவானிய மொழிகளோடு சேர்ந்த ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். தகாலோக்கை தேசிய மொழிக்கு அடிப்படையாக 1937-ல் அறிவித்தார் அதிபர் மானுவல் கெசோன். ‘பிலிப்பினோ’தான் தேசிய மொழி என்று 1987 அரசியலமைப்புச் சட்டம் உறுதி செய்தது.

இலக்கணத்தைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். சமஸ்கிருதத்தில் 8 வேற்றுமை, 3 பால், ஒருமை-இருமை-பன்மை என்று பெயர்ச்சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். பிலிப்பினோவில் ‘அவன்’, ‘அவள்’ ரெண்டுக்குமே ‘ஸியா’ என்ற ஒரே சொல்தான். அங்கே வித்தையெல்லாம் வினைச்சொல்லில். ‘காயின்’ என்றால் உண்ணுதல். நடுவில் ‘உம்’ நுழைந்து ‘குமாயின்’ ஆனால் சாப்பிட்டாச்சு. ‘குமாகாயின்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ‘காகாயின்’ என்றால் இனிமேல்தான்.

இன்னொரு விஷயம் தமிழர்களுக்குப் பிடிக்கும். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’, அவரை விட்டுவிட்டுச் சொல்லும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு சமஸ்கிருதத்தில் கிடையாது. பிலிப்பினோவில் உண்டு: ‘தாயோ’, ‘காமி’. இதை வைத்து தமிழும் பிலிப்பினோவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். தொடர்பே இல்லாத மொழிகளிலும் இப்படி அமைவதுண்டு.

சொற்கள் எப்படிப் போச்சு?

உறவு இல்லாவிட்டாலும் கடன் உண்டு. ஆசிரியருக்கு ‘குரோ’, முகத்துக்கு ‘முக்கா’, சாட்சிக்கு ‘சாக்சி’, பாகத்துக்கு ‘பஹாகி’. மனசாட்சிக்கு ‘புதி’, அதாவது நம்ம புத்தி. சில சொற்கள் வழியில் ஆளே மாறிவிட்டன. ஜீவன் அங்கே ‘தீவா’ ஆனது. ரசம் ‘லாசா’ ஆனது, சுவை என்ற பொருளில். ‘சரித’ மலாயில் ‘செரிதா’ என்று கதையாகி, தகாலோக்கில் ‘சலிதா’ என்று ‘சொல்’லாகவே நிற்கிறது.

வாங்கிய சொல்லையும் சும்மா விடவில்லை. உள்ளூர் ஒட்டுகளைப் பொருத்திவிட்டார்கள். ‘மக்காமுக்கா’ என்றால் ஒரே முகஜாடை உள்ளவர்கள்.

எண்கள்தான் பெரிய வேடிக்கை. சமஸ்கிருதத்தில் ‘அயுத’ 10,000, ‘லக்ஷ’ 1,00,000. தகாலோக்கில் அப்படியே தலைகீழ்: ‘லக்சா’ 10,000, ‘யூதா’ 1,00,000. அங்கே பழைய கணக்கில் ஒரு லட்சம் தருவதாகச் சொன்னால், கைக்குப் பத்தாயிரம்தான் வரும்!

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து நேராகப் போனவை அல்ல. மலாய், ஜாவானிய வணிகத் தொடர்புகள் வழியே கை மாறிப் போனவை. சுமார் 3 நூற்றாண்டு ஆட்சி செய்த ஸ்பெயின் விட்டுச்சென்ற சொற்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையும் குறைவுதான். ‘பிலிப்பினோவே சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது’ என்பதெல்லாம் ரொம்ப ஓவர்.

கடனைத் தீர்த்த செப்பேடு

இதற்கெல்லாம் கையில் பிடித்துப் பார்க்கும் ஆதாரம் ஒன்று உண்டு. 1989-ல் லகுனா மாகாணத்தில், லும்பாங் ஆற்றுப் பகுதியில் கிடைத்த செப்புத் தகடு. அதைப் படித்துச் சொன்னவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மானுடவியலாளர் அந்தோன் போஸ்ட்மா. மொழி பெரும்பாலும் பழைய மலாய். எழுத்து, ஜாவாவின் காவி. தேதி எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ண பட்சம், சதுர்த்தி, சோமவாரம். நம்ம வீட்டுப் பஞ்சாங்கம் பார்ப்பது மாதிரியே இருக்கு. இன்றைய கணக்கில் கி.பி. 900.

விஷயம் மன்னர் புகழ் அல்ல. நம்வாரன் என்பவர் பட்டிருந்த தங்கக் கடன் தீர்ந்துவிட்டது. அங்காத்தான் என்ற பெண்ணிடமோ, அவருடைய சகோதரர் புகாவிடமோ, அவர்கள் வாரிசுகளிடமோ இனி யாரும் வந்து கேட்கக் கூடாது. அவ்வளவுதான். ஒரு குடும்பம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய ரசீது அது. பிலிப்பைன்ஸில் கிடைத்தவற்றிலேயே தேதி குறித்த மிகப் பழமையான எழுத்து ஆவணமும் அதுதான்.

நாட்டின் பெயரே மாறுமா?

பிலிப்பைன்ஸ் என்ற பெயர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் வந்தது. அந்நியர் வைத்த இந்தப் பெயர் வேண்டாம், ‘மஹார்லிக்கா’ என்று மாற்றலாம் என்று 1978-ல் ஒரு மசோதா வந்தது. 2019 பிப்ரவரியில் அன்றைய அதிபர் ரோட்ரிகோ டுடெர்ட்டேவும் அதே யோசனையைப் பேசினார். சிக்கல் என்னவென்றால், மஹார்லிக்காவும் உள்ளூர்ச் சொல் இல்லை. பெரும் வளமும் ஆற்றலும் உடையவரைக் குறிக்கும் ‘மஹர்த்திக’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. மலேசிய, இந்தோனேசிய விடுதலை முழக்கமான ‘மெர்டேக்கா’வும் இதே வேரில் வந்ததுதான். பலர் இதை ‘அரச குலம்’ என்று நினைக்கிறார்கள். பழைய தகாலோக் சமூகத்திலோ அது தலைவருக்காகப் போருக்குப் போகும் சுதந்திர மனிதர்களின் பெயர்.

நாட்டின் பெயர் மாறவில்லை. ஆனால் 2023 ஜூலையில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ஜூனியர் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான அரசு முதலீட்டு நிதிக்கு வைத்த பெயர், மஹார்லிக்கா.