பெரிய திரை வேண்டுமா? டிவியா, புரொஜெக்டரா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சில மாதங்களில் ஓர் ஆசை வரும். இதே படத்தைப் பெரிதாகப் பார்க்க முடியாதா என்று. எனக்கும் வந்தது. 2023ஆம் ஆண்டு, மனைவி கட்டி வந்த சீட்டு முடிந்து கையில் பணம் இருந்த நேரம். "9,000 லூமன்ஸ், ஃபுல் எச்.டி., 200 அங்குலம்" என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு புரொஜெக்டரை ரூ.9,500 கொடுத்து வாங்கினேன். அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் பார்த்தபோது வீடே தியேட்டர் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரிக்கெட் போட்டபோது பந்து எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏங்க, இது ராத்திரியில மட்டும்தான் வேலை செய்யுமா?" என்று மனைவி கேட்டார். பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதை இங்கே சொல்கிறேன். நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்து கொள்ளுங்கள்.

புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் அனுப்ப முடியும். கறுப்பை அனுப்ப முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அது வெளிச்சத்தைத் தடுத்துக் கொள்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் உங்கள் சுவர்தான் தெரியும். இருட்டில் சுவர் கறுப்பு. பகலில் அதே சுவர் வெள்ளை. ஜன்னல் திறந்திருந்தால் படம் வெளுத்துப் போவது இதனால்தான்.

அடுத்தது லூமன்ஸ் கணக்கு. பெட்டியில் வெறும் லூமன்ஸ் என்று எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் நம்ப வேண்டாம். பல நேரங்களில் அது உள்ளே இருக்கும் விளக்கின் வெளிச்சம். திரையில் விழுவது அல்ல. ஆன்சி லூமன்ஸ் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் படத்தைத் திரையில் விழச் செய்து, அதை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் ஒளியை அளந்து சராசரி எடுத்துப் பரப்பளவால் பெருக்கிச் சொல்வது இது. 200 ஆன்சி லூமன்ஸ் உள்ள ஒரு புரொஜெக்டர் 100 அங்குலப் படம் காட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த ஒளி சுமார் 2.75 சதுர மீட்டரில் பரவ வேண்டும். திரையின் பிரகாசம் 23 நிட்ஸ் அளவில்தான் இருக்கும். நிட்ஸ் என்பது திரைப் பிரகாசத்தை அளக்கும் அலகு. சாதாரண எல்.இ.டி. டிவியில் 250 நிட்ஸ் கிடைக்கும். டிஜிட்டல் தியேட்டர்களுக்கு வகுத்துள்ள அளவே 48 நிட்ஸ்தான். தியேட்டரில் கும்மிருட்டு, அதனால் அது போதுகிறது. என் வீட்டில் இரவில் நன்றாகத் தெரிந்த ரகசியமும் இதுவே.

ஃபுல் எச்.டி. என்ற சொல்லிலும் ஒரு தந்திரம் உண்டு. "ஃபுல் எச்.டி. சப்போர்ட்" என்றால் அந்தப் படத்தை வாங்கிக் கொள்ளும் என்றுதான் பொருள். காட்டுவது எத்தனை பிக்சல் என்பதற்கு நேட்டிவ் ரெசல்யூஷனைப் பார்க்க வேண்டும். என்னுடையதில் அது 800x480. ஃபுல் எச்.டி.யின் 1920x1080 பிக்சல்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சினிமா எப்படியோ ஓடிவிடும். எக்செல் ஷீட்டைத் திறந்தால் எழுத்துகள் கொசுக்கூட்டம் போலத் தெரியும்.

அறையையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். புரொஜெக்டரின் விவரக் குறிப்பில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். அது 1.5 என்றால், படத்தின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி வைக்க வேண்டும். 100 அங்குலப் படத்தின் அகலம் 2.2 மீட்டர், தூரம் 3.3 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 அடி. பத்துக்குப் பத்து அறையில் அது நடக்காது. பக்கவாட்டில் வைத்துவிட்டுக் கீஸ்டோன் வசதியில் சரிசெய்யலாமே என்றால், அப்போது இருக்கும் பிக்சல்களிலும் கொஞ்சம் போய்விடும்.

பழைய ஆபீஸ் புரொஜெக்டர்கள் செகண்ட் ஹேண்டில் வரும். 3,000 லூமன்ஸ் வரை இருக்கும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் பல 1024x768 ரகம். அகலப் படங்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். வாங்குவதாக இருந்தால் மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். புது லேம்ப் விலை மிஷின் விலையையே தொட்டுவிடலாம்.

ரூ.25,000 வரை செலவு செய்ய முடியும், பகலிலும் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டரையும் இணைக்க வேண்டும் என்றால், என் ஓட்டு 43 அங்குல 4கே டிவிக்கு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்ததும் நமக்குச் சாதகம். இந்த அளவில் 4கே தேவையா என்று பலர் கேட்கிறார்கள். படம் மட்டும் பார்த்தால் ஃபுல் எச்.டி.யே போதும். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. 43 அங்குல 4கே என்பது நான்கு 21.5 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டர்களை ஒட்டி வைத்ததற்குச் சமம்; எழுத்து அதே கூர்மையில் தெரியும்.

உங்கள் கம்ப்யூட்டரின் எச்.டி.எம்.ஐ. எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் மாறும், மௌஸ் இழுத்து இழுத்து நகரும். 2.0 இருந்தால் 60 கிடைக்கும். இணைத்தவுடன் டாஸ்க்பாரின் ஓரம் திரைக்கு வெளியே போய்விட்டால் டிவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். டிவியின் பிக்சர் மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அந்த இன்புட்டுக்குப் பி.சி. என்று பெயர் மாற்றினால், பல டிவிகளில் சிவப்பு எழுத்துகளின் ஓரம் மங்குவதும் சரியாகிவிடும்.

கடைக்குப் போகும்போது சிறிய எழுத்துள்ள ஒரு பக்கத்தைப் படமாகப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஓட்டும் கடல் மீன் படத்தில் எல்லாத் திரையும் அழகுதான். உங்கள் பக்கத்தைப் போடச் சொல்லி நான்கு மூலைகளையும் படித்துப் பாருங்கள். புரொஜெக்டர் என்றால் ட்யூப்லைட்டை எரியவிட்டே காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

எங்கள் வீட்டுப் புரொஜெக்டர் இப்போது கோடை விடுமுறையில் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறுகிறது. ஹாலுக்கு டிவி வாங்க அடுத்த சீட்டு ஓடிக் கொண்டிருக்கிறது.