ஸ்ரீ கரிவரதன்

மோட்டார்ப் பந்தயத்தில் வென்றவர் பலர். பிறரும் வெல்ல வழி செய்தவர் சிலரே. 1995-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆகாய விபத்தில் மாண்ட கோயம்புத்தூர் ஸ்ரீ எஸ். கரிவரதன் அச்சிலரில் ஒருவர். சோழவரத்தில் அவர் காட்டிய வேகத்தை நாம் மறக்கவில்லை. ஆயினும், அந்நிய நாட்டுப் பந்தயக் கார்கள் சீமான்களுக்கே எட்டிய காலத்தில், மாருதி 800-ன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை ஆசனப் பந்தயக் காரை இங்கேயே சகாய விலையில் நிர்மாணித்ததுதான் அவருடைய பெருஞ்சேவை. 'பார்முலா மாருதி' என்னும் அவ்வகைக் காரில் பழகிய ஸ்ரீ நாராயண் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

செட்டிபாளையத்துப் பந்தயச் சாலை இன்று கரிவரதன் பெயரைத் தாங்குகிறது. பெயர் மட்டும் போதுமா? பதனிட்ட தோலைக் கப்பலேற்றிவிட்டு, செய்த சரக்கை அயலாரிடம் வாங்கிய பழங்கதையைத் திருப்பத்தூர், ஆம்பூர் வாசிகளாகிய நாம் அறிவோம். நம் பட்டறைகளில் அவரைப் போன்ற கைகள் பெருகட்டும்; அதுவே அவருக்குச் செய்யும் மெய்யான அஞ்சலி.