ஏலத்துக்கு வரும் ஈயப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் சிலருக்கு வாந்தி வந்தது, தோல் கறுத்தது, முடி கொட்டியது. எல்லோரும் ஒரே சரக்கைக் கையாண்டவர்கள். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவிதான் அந்தச் சரக்கு. 1968இல் கனடாவிலிருந்து வாங்கிய அதை 1985க்குப் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் மற்ற தட்டுமுட்டுச் சாமான்களைப் போல அதுவும் ஏலத்தில் போனது. கடையில் பிரித்துப் போட்டார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். அதில் ஒரு துண்டு ஒரு கடைக்காரரின் பர்ஸிலேயே இருந்தது. எட்டுப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவர் பிழைக்கவில்லை.

கோபால்ட்-60இன் வீரியம் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அந்தக் கணக்குப்படி, 2010இல் மிஞ்சியிருந்தது வாங்கியபோது இருந்ததில் சுமார் 250இல் ஒரு பங்குதான். அதுவே ஓர் உயிரை எடுத்தது. எக்ஸ்ரே இயந்திரம் இப்படியல்ல; மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். கோபால்ட், சீசியம், இரிடியம் போன்றவற்றுக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. புற்றுநோய் சிகிச்சைக் கருவிகளிலும், ஆலைகளில் தொட்டியின் மட்டம் பார்க்கும் கருவிகளிலும், குழாய் வெல்டிங்கைச் சோதிக்கும் கருவிகளிலும் இவை இருக்கின்றன.

மாயாபுரியில் நடந்ததைத் தொழிலாளியின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். இத்தகைய கதிரியக்கப் பொருளை வாங்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். வேலை முடிந்ததும் அதைத் தயாரித்தவரிடமோ, அரசு அங்கீகரித்த கழிவுக் கிடங்கிலோ ஒப்படைப்பது வைத்திருந்தவரின் கடமை. அதை எடைக்குப் போட எந்த மருத்துவமனைக்கும், ஆலைக்கும், கல்லூரிக்கும் உரிமை இல்லை. ஆகவே மருத்துவமனை, ஆய்வகச் சரக்கை ஏலத்தில் எடுக்கும் காயலான் கடைக்காரர் ஒன்றை வற்புறுத்திக் கேட்க வேண்டும்: ‘இதில் கதிரியக்கப் பொருள் இல்லை’ என்று கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம். தரத் தயங்கினால் சரக்கை எடுக்காதீர்கள்.

கடைக்கு வந்துவிட்ட சரக்கில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற குறி. 2007 முதல் மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்பு முக்கோணக் குறியும் உண்டு. இன்னொன்று, அளவுக்குப் பொருந்தாத கனம். சிறிய பெட்டி தூக்க முடியாமல் கனத்தால் உள்ளே ஈயக் கவசம் இருக்கலாம். ஈயத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்று கேஸ் கட்டரை எடுக்கிறோமே, ஆபத்து அங்கேதான். குறி இல்லாததால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் ஸ்டிக்கர் உரிந்துபோயிருக்கும்.

சந்தேகம் வந்தால் தொடாமல் விலகுங்கள். தூரம் இரு மடங்கானால் கதிரின் தாக்கம் நாலில் ஒன்றாகக் குறையும். மற்றவர்களையும் விலக்கி 112க்குச் சொல்லுங்கள். ‘கதிரியக்கப் பொருளாக இருக்கலாம்’ என்ற வார்த்தையைத் தவறாமல் சொல்லுங்கள். தொட்டிருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை எதையும் சாப்பிடாதீர்கள். பயந்துபோய்க் குப்பையிலோ உலையிலோ போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் உருக்கிய எஃகில் கோபால்ட்-60 கலந்து, 2008இல் பிரான்ஸில் லிஃப்ட் பொத்தான்கள்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

உடம்புக்கு முடியாமல் மருத்துவரிடம் போனால் வெறும் வாந்தி என்று சொல்லி நிறுத்தாமல், எந்தச் சரக்கை எப்போது உடைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வாந்தி வந்து நின்று, சில நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றி, பிறகு முற்றுவது கதிர்வீச்சு நோயின் இயல்பு. அந்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்சார் நோய்ப் பட்டியலில் கதிர்வீச்சால் வரும் நோயும் இருக்கிறது. ஏலச் சீட்டு, எடைச் சீட்டு, மருத்துவமனைக் காகிதம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வழக்குக்குப் பணமில்லாத தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.